மருத்துவர் சங்கத்தில் பெண்களுக்கு இடம்: துணைவிதியைத் திருத்தும் முறை

குடியாத்தம் பகுதிப் பெண் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மருத்துவர் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லை; மகளிர் அணி என்று ஒன்றை வைத்து, வரவேற்புரை ஆற்ற மட்டும் அழைக்கிறார்கள். மாதக் கூட்டம் இரவு 9 மணிக்கு லிஃப்ட் இல்லாத மாடி மண்டபத்தில் நடப்பதால், காலில் கேலிப்பர் அணியும் அவரால் போக முடிவதில்லை. கேட்டால், “பைலாவில் (சங்கத்தின் துணைவிதியில்) இடமில்லை” என்கிறார் செயலாளர். இதற்கிடையே, பைலாவையே மாற்றிப் பதிவு செய்து தருவதாக ஒருவர் கட்டணம் பேசியிருக்கிறார். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

மருத்துவர் அவர்களுக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரியுங்கள். இரவு 9 மணியையும் மாடி மண்டபத்தையும் யாரும் துணைவிதியில் எழுதி வைப்பதில்லை. அவற்றை மாற்றச் செயற்குழுவின் சாதாரணத் தீர்மானமே போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. எனவே தனி மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்த வேலூருக்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும் என்று ஒரு மருத்துவர் மனுப்போட வேண்டியிருக்கிறது.

செயற்குழுவில் பெண்களுக்கு இடஒதுக்கீடு என்ற இரண்டாவது கோரிக்கைக்குத்தான் துணைவிதித் திருத்தம் தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, திருத்தத்தின் வாசகத்தோடு 21 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவைப் பெற்று, பின்னர் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். “இப்படியெல்லாம் எந்தத் தொழில்முறைச் சங்கத்தில் இருக்கிறது?” என்று கேட்பார்கள். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும்படி 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டதைச் சொல்லுங்கள். அந்த உத்தரவு உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாயடைக்கப் போதுமானது. வாசகத்தில் “பெண்களுக்கு முன்னுரிமை வழங்கப்படலாம்” என்று எழுத விடாதீர்கள். எத்தனை இடம், எந்தப் பதவி, போட்டியிட ஆள் இல்லையென்றால் என்ன என்பதை எண்ணோடு எழுதுங்கள். “ஒருமனதாகத் தேர்வு” என்று வேட்புமனுவுக்கு முன்பே பட்டியலை முடித்துவிடும் பழக்கம் இருக்கும்வரை, மங்கலான வாசகத்தால் ஒரு நாற்காலிகூட வராது.

இனி அந்தக் கட்டணக்காரர். நடக்காத பொதுக்குழுவை நடந்ததாக மினிட் புத்தகத்தில் எழுதி, பழைய தேதி போட்டு, கையெழுத்து திரட்டிக் கொடுப்பதே இவர்கள் தொழில். பதிவானதும் காரியம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அடுத்த தேர்தலில் தோற்றவர் முதலில் கேட்பது அந்த முன்னறிவிப்பின் தபால் ரசீதைத்தான். அப்போது திருத்தம் மட்டும் போகாது, போலி ஆவணக் குற்றச்சாட்டு கையெழுத்திட்ட உங்கள் தலையில் விழும். இவர்கள் பிழைக்கக் காரணம் பதிவு அலுவலகமும்தான். ஒரு குறையை ஒரே தடவையில் சொல்லாமல், தவணை முறையில் சொல்லித் திருப்பி அனுப்பினால், புறநோயாளிகளை விட்டுவிட்டு எந்த மருத்துவர் அலைவார்? குறை என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழிக்கு அசையாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மேற்சொன்னதெல்லாம் உங்கள் சங்கம் தன் பெயரில் பதிவாகியிருந்தால் மட்டுமே பொருந்தும். பல ஊர்க் கிளைகள் தனியாகப் பதிவாகாமல், மாநில அமைப்பின் கிளையாகவே இயங்குகின்றன. பெயர்ப்பலகையும் வங்கிக் கணக்கும் ரப்பர் ஸ்டாம்பும் இருப்பதால் தனிச் சங்கம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் உங்கள் கிளையின் பொதுக்குழு முழுமையாக ஆதரித்தாலும் துணைவிதி மாறாது. தலைமை அமைப்புக்குப் பரிந்துரைத் தீர்மானம் மட்டுமே அனுப்ப முடியும். தனிப் பதிவு இருந்தும் தலைமை அமைப்போடு இணைப்புப் பெற்றிருந்தால், இணைப்பு நிபந்தனைகளோடு திருத்தம் முரண்படுகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஆகவே முதல் வேலையாக, பதிவுச் சான்றிதழ், நடப்புத் துணைவிதி, இணைப்புக் கடிதம் ஆகிய மூன்றின் நகலையும் உறுப்பினர் என்ற முறையில் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், துணைவிதியின் சான்றிட்ட நகலுக்கு மாவட்டப் பதிவாளரிடம் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்; அதற்குத் தரகர் வேண்டியதில்லை.