அடி தெரியாத மலை

மதிப்பிற்குரிய ஐயா,

டெல்லி மயூர் விகாரில் வசிக்கிறேன். அலுவலக வேலைக்கு நடுவே நான்கு ஆண்டுகளாக ஓவியம் வரைகிறேன். காடும் மலையும்தான் வரைவேன். ஆனால் எதையும் பார்த்து வரைவதில்லை, கண்ணை மூடினால் தோன்றுவதை வரைகிறேன். அண்மையில் சேர்ந்த வகுப்பின் ஆசிரியர் நாள்தோறும் ஒரு மரத்தைப் பார்த்து வரையச் சொல்கிறார். உள்ளுணர்வால் வரைபவளுக்கு இது தடையாகிவிடாதா? ஓவியர் ஜே. சுவாமிநாதனே, உள்ளதை உள்ளபடி வரையும் இயற்கைநவிற்சியை மறுத்தவர்தானே? அவருடைய மலைகள் அந்தரத்தில் நிற்கின்றனவே? இன்றைய ஓவியர்கள் உள்ளுணர்வையும் இயற்கையையும் கற்பனையையும் எப்படி இணைக்கிறார்கள் என்று எழுத வேண்டுகிறேன். எனக்கு அக்ரிலிக் பொருந்துமா, எண்ணெய் வண்ணமா? கலைக்கல்லூரியில் படிக்காதவர்களைக் காட்சிக்கூடங்கள் ஏற்குமா? என் ஓவியங்களில் மூன்றின் படங்களை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

சில வாரங்களாகச் சுவாமிநாதனின் மலைகள் என் நினைவை விட்டு அகலாதிருந்தன. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன். எந்த வண்ணம் பொருந்தும் என்பதை இரண்டிலும் வரைந்து பார்த்தால் உங்கள் கையே சொல்லிவிடும். காட்சிக்கூடங்களைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

சுவாமிநாதன் 1962-ல் உருவான ‘குரூப் 1890’ கலைஞர் குழுவின் முன்னணியில் இருந்தவர். 1963-ல் டெல்லியில் நடந்த கண்காட்சியை ஒட்டி அக்குழு வெளியிட்ட அறிக்கை, ரவி வர்மாவின் இயற்கைநவிற்சியையும் வங்காளப் பள்ளி என்ற ஓவிய மரபின் கிராமிய இலட்சியவாதத்தையும் சேர்த்தே மறுத்தது என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன? உள்ளதை உள்ளபடி வரைந்துகாட்டும் ஒரு பாணியை மறுப்பதும், உள்ளதைப் பார்க்கவே மறுப்பதும் ஒன்றா? முதலாவது, பார்த்துத் தேர்ந்த ஓவியரின் முடிவு. இரண்டாவதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் ஆர்.கே. புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். 1973 ஜூலையில் அப்பா அலுவலக வேலையாகச் சிம்லாவுக்குப் போனபோது பதினொரு வயதுப் பையனான என்னையும் அழைத்துச் சென்றார். கால்காவிலிருந்து புறப்பட்ட சிறிய ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குள் நுழைந்து நுழைந்து ஏறியது. மறுநாள் விடியற்காலையில் விடுதியின் தாழ்வாரத்திற்கு வந்தபோது பள்ளத்தாக்கே இல்லை. இரவு பெய்த மழைக்குப் பின் எழுந்த மேகம் அதை விளிம்புவரை நிரப்பியிருந்தது. அந்த வெண்மையின் மேல், எதிரே இருந்த மலையின் மேற்பாதி மட்டும், வெட்டி எடுத்து வைத்ததுபோல் நின்றது. “அப்பா, இந்த மலைக்கு அடி எங்கே?” என்று கேட்டேன். “அடி இருக்குடா, நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்” என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் டெல்லியில் சுவாமிநாதனின் ஓர் ஓவியத்தின் முன் நின்றேன். பரந்த ஒற்றை வண்ணவெளி, அதில் தரையைத் தொடாத ஒரு மலை, அதன்மேல் ஒரு மரம், அசைவற்ற ஒரு பறவை. அது கற்பனை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் குரல்தான் கேட்டது. சுவாமிநாதன் 1928-ல் அதே சிம்லாவில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்ட காலைகளோடு வளர்ந்த ஒருவரின் தூரிகையில் மலை மிதப்பது, பார்த்தது உள்ளே தங்கிப் பல காலம் கழித்து வேறு உருவில் வெளிவருவதே என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால்தான் ‘கண்ணை மூடினால் தோன்றுவது’ என்ற உங்கள் சொல் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது. மூடிய கண்ணுக்குள் தோன்றுவது, திறந்த கண் முன்பே சேர்த்து வைத்தது. சேர்த்து வைக்காதவருக்கும் ஏதோ தோன்றத்தான் செய்யும். ஆனால் அது அவருடையதாக இராது. காலண்டரிலும் கைப்பேசியிலும் பார்த்த பிறருடைய காடுகளே அங்கே வந்து நிற்கும். உங்கள் மூன்று ஓவியங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மரம். அடிமரம் நேராக எழுந்து, ஏறக்குறைய ஒரே உயரத்தில், இரண்டே கிளைகளாகப் பிரிகிறது. இதை உள்ளுணர்வு என்கிறீர்கள். நான் பழக்கம் என்கிறேன். ஆனால் மூன்றாவது ஓவியத்தில், மலையின் வலப்புற விளிம்பில், நீலம் சாம்பலுக்குள் கரையும் நான்கு விரற்கடை இடம் இருக்கிறதே, அதை நீங்கள் எங்கோ ஒரு மாலையில் உண்மையாகவே பார்த்திருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்லியிலேயே வாழ்ந்து 2024-ல் மறைந்த ஓவியர் ஏ. ராமச்சந்திரனைப் பாருங்கள். தொடக்கக் காலத்தில் நகரத்தின் வன்முறையை, சிதைந்த மனித உடல்களை வரைந்தவர், பின்னாளில் உதய்ப்பூரைச் சுற்றியுள்ள தாமரைக் குளங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று கோட்டுச் சித்திரங்களாக வரைந்து குவித்தார். மடங்கிய இலை, வாடிய தண்டு, மேலே பறக்கும் தும்பி எல்லாவற்றையும் கை அறிந்த பிறகே அவருடைய பெரிய ஓவியத் திரைகளில் அந்தக் குளங்கள் கனவுபோல் ஒளிர்ந்தன. தன் முகத்தையே ஒரு சிற்றுயிரின் உடலில் பொருத்தி அந்த உலகத்திற்குள் புகுந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு அப்படித்தான் வந்தது.

சுவாமிநாதன் போபாலின் பாரத் பவன் கலை மையத்தில் 1982-ல் திறக்கப்பட்ட கலைக்கூடத்திற்காகக் கொண்டுவந்த கோண்டு ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமோ ஓவியப்பள்ளியின் வாசலையே மிதிக்காதவர். அவர் பிறந்த பர்தான் குலத்தார் கோண்டுப் பழங்குடி மக்களின் பாணர்கள். அவர்கள் மீட்டும் கருவியின் பெயர் பானா. பாட்டில் கேட்ட தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தபோது, கூடவே வளர்ந்த காட்டின் மானும் மரமும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் உள்ளே வந்து நிறைந்தன. பயிற்சி வகுப்பு அவருக்குத் தேவைப்படவில்லை என்று நீங்கள் வாதிடலாம். காட்டருகே பிறந்தவருக்கு நாள்தோறும் அதுவே வகுப்பு. மயூர் விகாரின் நான்காவது மாடியில் இருப்பவர் எழுந்து கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில் நானும் ஓவியம் கற்கச் சென்றேன். ஆசிரியர் முற்றத்து வேப்பமரத்தை முப்பது நாட்கள் வரையச் சொன்னார். நான் உள்ளிருந்து வரைபவன் என்று சொல்லிவிட்டு ஆறாம் நாள் வெளியேறினேன். அந்த ஐந்து நாட்களில் நான் கண்டது ஒன்றே ஒன்று: வேப்பிலையின் நடுநரம்புக்கு இருபுறமும் உள்ள பாதிகள் சமமானவை அல்ல, ஒன்று அகன்றும் மற்றது குறுகியும் இருப்பதால்தான் இலை அரிவாள்போல் வளைகிறது. பிறந்தது முதல் வேப்பிலையைக் கையில் வாங்கியவன், இருபது வயதுவரை அதைப் பார்த்ததில்லை. மீதமிருந்த இருபத்தைந்து நாட்களில் என்னவெல்லாம் கண்டிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பிப்ரவரி முடியப்போகிறது. டெல்லியில் இலவமரங்கள் இலையுதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளில் சிவப்பாகப் பூக்கும் நேரம். உங்கள் பகுதியிலேயே ஒரு மரம் இருக்கும். மைனாக்களும் காக்கைகளும் தேனுக்கு வரும் காலைப்பொழுதில் அதனடியில் போய் உட்காருங்கள். கிளைகள் அடிமரத்திலிருந்து எப்படிப் பிரிகின்றன என்பதை மட்டும் முதல் வாரம் வரையுங்கள். சிவப்பைத் தொட வேண்டாம். மார்ச் கடைசியில் அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். சரியாக வராதவற்றையும் கிழிக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.