குறைமாதப் பிள்ளையைப் பார்த்த தாதியருக்கு எப்படி நன்றி சொல்வது?

யாழ்ப்பாணத்தில் குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது, டொக்டரைவிடத் தாதியர்தான் மனதில் நிற்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படித்தான் இருக்கும். டொக்டர் பார்த்துவிட்டுப் போவார், இரவு பகலாகப் பக்கத்தில் நிற்பது தாதி. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்ய வராது. அதனால் அம்மா பீச்சிக் கொடுக்கிற பாலை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போட்ட மெல்லிய குழாயில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். பிள்ளை மூச்சுவிட மறந்தால் (உண்மையாகவே மறக்கும்) மெஷின் கத்தும், அவர் ஓடிவந்து உள்ளங்காலைத் தேய்த்துவிடுவார். பயந்துபோய் நிற்கிற தாயின் வெறும் நெஞ்சில் வயர்களோடு பிள்ளையை வைத்துவிடுவதும் அவர்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியூபேட்டர் (பிள்ளையைச் சூடாக வைத்திருக்கிற பெட்டி) போதாமல் தொடங்கிய முறை அது, இப்போது உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

சரி, நன்றிக்கு வருவோம். காசு நீட்டாதீர்கள், அரச உத்தியோகத்தருக்கு அது சங்கடம். பலகாரம் கொடுக்கலாம், இரவு டியூட்டிக்காரருக்கும் பங்கு வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தாதியரின் பெயர் போட்டு ஒரு கடிதம்தான் நல்லது; குறை எழுதத்தானே எங்கள் சனத்துக்குக் கை வரும். கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையையும் காட்டுங்கள், ஆனால் வாசலில் வைத்து. உள்ளே கிடக்கிற பிள்ளைகளுக்குத் தொற்று வந்தால் ஆபத்து.