குழந்தைகளுக்குக் காசநோய் எந்த வயதில் அதிகம் வருகிறது? எண்ணிக்கை குறைகிறதா?

வயதைப் பொறுத்து இதன் போக்கு மாறும். ஐந்து வயதுக்குள் கிருமி தொற்றினால் அது நோயாக முற்றும் ஆபத்து மிக அதிகம். மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களும் இந்த வயதில்தான் கூடுதல். 5 முதல் 10 வயது வரை சற்றே தணிந்து, பதின்ம வயதில் பெரியவர்களுக்கு வருவதுபோல் நுரையீரல் காசநோய் தலைதூக்கும்.

உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறார்கள் நோயுறுவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. குறைகிறதா என்றால், பதிவான எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது; சளி கிடைத்தாலும் கிருமி குறைவு. அதனால் பலர் கணக்கிலேயே வருவதில்லை. சளிக்குப் பதிலாக மலத்தில் காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனை முறை வந்தபின் பதிவு கூடினால், அதை நோய்ப் பெருக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று: கைக்குழந்தைக்குக் காசநோய் என்றால், பெரும்பாலும் அருகிலுள்ள பெரியவர் ஒருவரிடமிருந்து அண்மையில் தொற்றியதுதான். வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும்.