ஒரே கார்டு, 14,000 ரூபாய் வித்தியாசம் ஏன்?

கேள்வி: என் மகனுக்குப் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வரப் போகிறான். படிப்புக்கும் கேம் ஆடவும் சேர்த்து ஒரே லேப்டாப் வேண்டும் என்கிறான். என்னால் 75,000 வரை முடியும். நெல்லை ஜங்ஷனில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டு (கேம் படங்களை ஓட்டுவது), 16 ஜிபி ரேம் என்று 88,000 சொன்னார்கள். வண்ணார்பேட்டையில் அதே கார்டு, அதே ரேம், 74,000. குறைத்துச் சொல்பவர் டூப்ளிகேட் தருகிறாரா? இதற்கிடையே கல்லூரி சீனியர் ஒருவர், "கடைக்கே போக வேண்டாம், பாதி விலைக்கு நான் வாங்கித் தாறேன்" என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, டூப்ளிகேட் என்ற பயம் வேண்டாம். லேப்டாப்பில் கார்டு தாய்ப்பலகையோடு ஒட்டியே வருகிறது. கடைக்காரர் அதை மாற்ற முடியாது. ஆனால் பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே கார்டு ஆகிவிடாது.

4050 கார்டுக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் வைத்து விற்க, கார்டைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனி அனுமதி கொடுத்திருக்கிறது. மெல்லிசான லேப்டாப்பில் ஃபேனும் செம்புக் குழாயும் சிறியவை. சூடு வெளியேற வழியில்லாததால் 45, 50 வாட்டோடு நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் தடிமனான உடம்பு என்றால் 90, 100 வரை விடுவார்கள். ஆடும்போது இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். 100க்கு மேல் போவதால் மட்டும் வேகம் பெரிதாகக் கூடிவிடாது.

இன்னொன்று. விலை கூடியதுதான் வாட் கூடியது என்றும் முடிவு கட்டாதீர்கள். மெல்லிசாக, அழகாக இருக்கிறது என்பதற்கே காசு வாங்கிக்கொண்டு வாட்டைக் குறைத்துத் தரும் மாடல்கள் இருக்கின்றன. அந்த 88,000 ரூபாய் லேப்டாப் அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். ஸ்கிரீன், பேட்டரி, உடம்பு எல்லாவற்றுக்கும் அந்த 14,000இல் பங்கு உண்டு.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சார்ஜரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று போட்டு, பக்கத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 120 வாட். 20 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 200. பிராசஸருக்கும் ஸ்கிரீனுக்கும் பேட்டரிக்கும் சேர்த்து அந்த ஒரே சார்ஜர்தான் கொடுக்க வேண்டும். ஆகவே 120 வாட் சார்ஜரோடு வரும் 4050, குறைந்த வாட் கார்டுதான். கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். 180, 200, அதற்கு மேல் என்றால் தைரியமாக மேற்கொண்டு பேசலாம். லேப்டாப்பை ஆன் செய்து காட்டினால் இன்னும் நல்லது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போனால் கார்டின் அதிகபட்ச வாட் எழுதியே இருக்கும். உங்கள் பையனுக்கு இது இரண்டு நிமிட வேலை.

இதை அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? முன்பு குறைந்த வாட் கார்டுகளுக்கு மேக்ஸ்-கியூ என்று தனிப் பெயராவது இருந்தது. 2021இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்தப் பெயரையும் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இன்று கம்பெனி இணையதளத்தில் எங்கேயோ ஒரு மூலையில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வயலை நம்பிப் பிழைக்கிறவர் 75,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவருக்கு இந்த ஒரு எண்ணைக்கூடச் சொல்லாமல் விற்கிறார்கள். பல்பு வாங்கினால்கூட வாட் எழுதியிருக்கிறதே.

சரி, கார்டு இல்லாமலே முடியுமா? ஒரே ஒரு நிலைமையில் முடியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குக் காசு மிச்சமாகலாம்.

முதலில் பையனிடம் என்னென்ன கேம் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்குத் தனிக் கார்டு கட்டாயமில்லை. சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் பிராசஸரிலும் ரேமிலும் ஓடுபவை. வாலரண்ட் மாதிரி லேசான கேம்களும், ஜிடிஏ 5 மாதிரிப் பத்து வருஷத்துக்கு மேலான பழைய கேம்களும் மட்டும் போதும் என்றால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சமாளித்துவிடும். ரைசன் 7 7735எச்எஸ் பிராசஸரில் ரேடியான் 680எம் என்று ஒன்று இருக்கிறது, அது போதும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல், எட்டும் எட்டுமாக இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். ஒற்றைக் குச்சி என்றால் பாதை ஒன்றுதான், வேகம் விழுந்துவிடும். இன்டெல்லில் இது கண்ணுக்கே தெரியும்: ஐரிஸ் எக்ஸ்இ என்ற உள் கிராஃபிக்ஸோடு விற்கும் லேப்டாப்பில் ஒற்றைக் குச்சி ரேம் இருந்தால், டாஸ்க் மேனேஜரில் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டும். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்றும் போட்டிருக்கும். சில மாடல்களில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு ஏற்றவே முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி வாங்கினால் பட்ஜெட்டில் ஒரு பகுதி கையில் நிற்கும், எடையும் குறையும், தினமும் ரயிலில் தூக்கிக்கொண்டு போகிற பையனுக்குத் தோளும் தப்பும். புதிதாக வரும் பெரிய கேம்களும் ஆட வேண்டும் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இனி அந்த சீனியர். அண்ணாச்சி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் பெரிய ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு லாட்டாகத் தள்ளிவிட்ட லேப்டாப். துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, கை மாறி மாறி ஹாஸ்டல் வரை வருகிறது. என் மேஜைக்கு வந்த ஒன்றில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும், முதல் திரையிலேயே எங்கோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அந்த அலுவலகத்து மெயில் ஐடியைக் கேட்டது. அந்தக் கம்பெனி தன் பதிவேட்டிலிருந்து அதை நீக்கவே இல்லை. கொண்டுவந்த பிள்ளை அழுகிற நிலைமையில் நின்றாள். அப்பா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். விற்ற சீனியர் போனை எடுக்கவில்லை. பில் இல்லை, வாரண்டி இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? அட்மிஷன் சீசனில் இப்படிக் கிளம்புகிறவர்களைப் பற்றிக் கல்லூரிகள் ஒரு நோட்டீஸாவது ஒட்டலாம். ராகிங்குக்கு எதிராக ஒட்டுகிறார்களே, இதற்கும் ஒட்டட்டும். சில கல்லூரிகளில் நிர்வாகமே ஒரு கடையைக் காட்டி அங்கேதான் வாங்க வேண்டும் என்று சொல்வதும் கேள்விப்படுகிறேன். அப்படி வாங்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடையில் வாங்கும்போதும் கண்ணைத் திறந்து வையுங்கள். "எட்டு ஜிபி மாடலை எடுங்க, நான் பதினாறு ஆக்கித் தாறேன்" என்பார்கள். என்ன பிராண்ட் ரேம் போடுகிறார், அது பில்லில் ஏறுமா என்று கேளுங்கள். கழற்றிய நல்ல ரேமை வைத்துக்கொண்டு பெயர் தெரியாத இரண்டு குச்சியைச் செருகியதையும் பார்த்திருக்கிறேன். பெட்டி சீல் உங்கள் முன்னால்தான் உடைய வேண்டும். பெட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கம், பில் ஆகிய மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று வரும். சில மாதங்களுக்கு முந்தைய தேதி காட்டினால் அது ஷோரூமில் டெமோவுக்கு ஓடியதாக இருக்கலாம். தேதியைத் திருத்தித் தராமல் பணம் கொடுக்காதீர்கள். "பில் இல்லாமல் எடுத்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்கவே கூடாது. பையன் பெயரிலோ உங்கள் பெயரிலோ முழு பில் வேண்டும்.

விண்டோஸ் இல்லாமல் டாஸ் என்று போட்டு விலை குறைத்து விற்பதும் உண்டு. பிறகு கடைப் பையன் பென்டிரைவிலிருந்து திருட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுப்பான். அதோடு என்னென்ன வைரஸ் வருகிறதோ. விண்டோஸோடு வரும் மாடலையே வாங்குங்கள். பல மாடல்களில் எம்எஸ் ஆபீஸும் சேர்ந்தே வருகிறது. அதை முதல் 180 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும், பையனின் சொந்த மெயில் ஐடியில். அவசரத்தில் கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்துவிட்டால் ஆபீஸ் அவருக்குத்தான் சொந்தம்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் வட்டி இல்லை என்று அர்த்தமில்லை. வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனி. ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் அதே தள்ளுபடியை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கேம் லேப்டாப்பை வாங்கினால் சில விஷயங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். சார்ஜரில் செருகினால்தான் கார்டு முழு வேகத்தில் ஓடும். சார்ஜரோடு சேர்த்துத் தூக்கினால் மூன்று கிலோவை நெருங்கும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும்போது மெத்தையில் வைத்து ஆடினால் அடியில் காற்று இழுக்கும் வழி அடைபட்டு, சூடு ஏறி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேஜையில் வைத்து ஆடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஃபேன் தூசியைத் தட்ட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய போன் ஒன்று இருக்கிறது. கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடித்து, அம்பாசமுத்திரம் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஆன்சைட் வாரண்டி என்று பெட்டியில் போட்டுவிட்டு, பழுதானதும் "உங்கள் ஊர் லிஸ்டில் இல்லை, திருநெல்வேலிக்குக் கொண்டுவாருங்கள்" என்பார்கள். அங்கே போனால் பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும் என்பார்கள், பையன் செமஸ்டர் ப்ராஜெக்டை வைத்துக்கொண்டு நிற்பான். பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறு பிராண்ட் பாருங்கள். கடையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று தனியாகப் பணம் கேட்டால், அது லேப்டாப் கம்பெனி தருவதா, கடை சேர்த்திருக்கும் வேறு யாராவது தருவதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கம்பெனி தருவதாக இருந்தால் அதே சீரியல் எண்ணில் புதிய முடிவுத் தேதி இணையதளத்தில் ஏறிவிடும்.