அப்பாவுக்கு இன்னும் ஒரு கிலோ ஏறணும், அதற்கு டப்பா மாவு வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை. நுரையீரல் காசநோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்து 45 நாள் ஆகிறது. ஆரம்பத்தில் 37 கிலோ இருந்தார், இப்போது 38. உயரம் 162 சென்டிமீட்டர். தெரிந்தவர் ஒருவர் சத்து மாவு டப்பாவைக் கொண்டுவந்து, "நல்ல சத்து கொடுத்தால் டிபி சாவு 61 சதவீதம் குறையும், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார். மாதம் நாலு டப்பா, 2,800 ரூபாய். ஒரு வேளைக்கு 7 கிராம் புரதம், தினம் இரண்டு வேளை. வாங்கலாமா? வீட்டில் அக்காவும் அவருடைய ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதையே வாங்கச் சொல்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. ஒரு டப்பாகூட வேண்டாம்.

அவர் சொன்ன 61 பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. நல்ல ஆராய்ச்சி ஒன்றின் எண்ணைக் கிழித்தெடுத்து டப்பாவில் ஒட்டியிருக்கிறார்கள். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு அது. பெயர் 'ரேஷன்ஸ்'. மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள். 2023இல் 'லான்செட்' மருத்துவ இதழ்களில் முடிவுகள் வந்தன. 2,800 நோயாளிகளுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய், கூடவே ஒரு வைட்டமின் மாத்திரை. மாதம் பத்து கிலோ மளிகை. அதிலிருந்து தினமும் கூடுதலாக 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைத்தன. உங்கள் டப்பாவில் தினமும் கிடைப்பது 14 கிராம் புரதம். ரெண்டரை முட்டைக்கு மேல் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வில் நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்தார்கள். 'சாப்பிட்டவர், சாப்பிடாதவர்' என்று பிரித்துப் பார்த்து வந்த எண் இல்லை 61. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் அந்த அளவு குறைவாக இருந்தது. ஆகவே உங்கள் அப்பாவின் விஷயத்தில் நாம் பார்க்க வேண்டியது எடையைத்தான். 37 கிலோவுக்கு ஐந்து சதவீதம் என்றால் 1.85 கிலோ. அறுபதாம் நாள் தராசில் 39 கிலோவைத் தொட வேண்டும். ஒரு கிலோ ஏறிவிட்டது. இன்னும் பதினைந்து நாளில் ஒரு கிலோ. முடியக்கூடியதுதான்.

எப்படி? அவர் வழக்கமாகச் சாப்பிடும் சோறு, குழம்பில் எதையும் குறைக்காமல், அதற்கு மேல் இவற்றைக் கொடுங்கள்: இரண்டு முட்டை, ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகமாக நிலக்கடலை, அதே அளவு பொட்டுக்கடலை, இரண்டு டம்ளர் பால், சோற்றில் கெட்டியாக ஒரு கரண்டி பருப்பு. புரதம் ஐம்பது கிராமைத் தாண்டிவிடும். பக்கத்து நாமக்கல்லில் இருந்து ஊருக்கெல்லாம் முட்டை போகிறது, சேலத்துக்காரர் 2,800 ரூபாய்க்கு மாவு வாங்குகிறார்! மேலே சொன்னதற்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது ரூபாய்க்கு மேல் ஆகாது. பருப்பும் பாமாயிலும் ரேஷன் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, வாங்காமல் விடாதீர்கள். பசி இல்லை, குமட்டுகிறது என்றால் மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்து வெல்லம் போட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று இதுவரை பார்க்கவில்லையென்றால் வெல்லத்துக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

எடை விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குடும்பம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஆளை இழந்ததை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் மூன்று கிலோ ஏறியது என்று மகள் இனிப்போடு வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தால் இரண்டு காலும் வீங்கியிருந்தன. ஏறியது சதையில்லை, நீர். இரவு படுக்கும் முன் அப்பாவின் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது, கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணுங்கள். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. அப்போது தராசு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தமிழகத்தில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்று நடக்கிறது. நோய் தெரிந்தவுடனே யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்து, அவர்களைப் படுக்கையில் சேர்ப்பதுதான் அதன் வேலை. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான ஆபத்து. காலில் வீக்கம் இருந்தால் 16 வரைக்குமே ஆபத்து. உங்கள் அப்பா மாத்திரை ஆரம்பித்தபோது அவருடைய கணக்கு 14.1. நூலிழையில் தப்பியிருக்கிறார். இப்போது 14.5தான். கால் வீங்கினாலோ, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

டப்பாக்காரர் அடுத்து என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். "மாத்திரை சூடு, ஒரு வாரம் நிறுத்திவிட்டு மாவை மட்டும் கொடுங்கள்" என்பார். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மறு பகுதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, எளிய சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமியைக் கொல்வது மாத்திரைதான். அது கொன்று முடிக்கும்வரை உடம்பு தாங்குவதற்குத்தான் சோறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. மாத்திரையால் ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் போவதைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

அக்காவும் குழந்தையும்: ரேஷன்ஸ் ஆய்வில் உண்மையாகவே ஒப்பிட்டுப் பார்த்தது வீட்டாரைத்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் பெரியவர் ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும், தம்பி. விளம்பரத்தில் சேர்க்க வேண்டிய எண் இதுதான். ஆனால் அரிசி, பருப்பு விற்றால் கமிஷன் கிடைக்காது. இருவருக்கும் நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தடுப்பு மாத்திரை உண்டு, இலவசம். கேட்காவிட்டால் பல இடங்களில் கொடுக்க மாட்டார்கள். கேளுங்கள்.

இனி பணம். காசநோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு பணம் தரும் 'நிக்ஷய் போஷன்' திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். 2024 நவம்பருக்கு முன்னால் ஐந்நூறாக இருந்தது. ஆறு மாதச் சிகிச்சை என்றால் இரண்டு தவணை, முதல் மூவாயிரம் நோய் தெரிந்தவுடனே முன்பணமாக வர வேண்டும். தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் காசநோயாளிகளைப் பதியும் அரசு இணையதளமான நிக்ஷயில் பதிவு இருந்தால் உண்டு. எடை குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவுப் பொட்டலமும் இலவசமாகத் தர வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நான் பார்த்ததில், ஆதாரில் ஒரு இனிஷியல் மாறியிருக்கிறது, கணக்கில் ரொம்ப நாளாகப் பரிவர்த்தனை இல்லை என்று பணம் நின்றுபோய், ஆள் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் கைக்கு வரும். சாவு அதிகம் நடப்பது முதல் இரண்டு மாதத்தில். அப்போது வராத சோற்றுப் பணம் எதற்கு? ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அம்மா ஒருவர், 38 கிலோ உடம்போடு, பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை மலையிறங்கி வந்தார். நோயாளியை அலையவிடாமல் அலுவலகம் அலையக் கூடாதா என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்.

இந்தத் தாமதத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். "நிக்ஷய் பணத்தை நான் வாங்கித் தருகிறேன், ஐந்நூறு கொடுங்கள்" என்பார். ஏடிஎம் கார்டைக் கேட்பார், போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார். சில பேர் அந்தப் பணத்தைக் காட்டியே மாவு டப்பாவைக் கடனுக்கு விற்கிறார்கள். அரசு கொடுத்த ஆயிரம் அப்படியே டப்பாக்காரரிடம் போய்ச் சேருகிறது. எதையும் கொடுக்காதீர்கள். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கும் இடத்துக்கே போய், காசநோய்ப் பிரிவு ஊழியரிடம் நிக்ஷய் எண்ணைக் கேட்டு, முதல் தவணை ஏன் வரவில்லை என்று அவரைக் கணினியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சத்துணவுப் பொட்டலத்தையும் தடுப்பு மாத்திரையையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

அறுபதாம் நாள் காலையில், அதே தராசில், செருப்பில்லாமல் அப்பாவை நிறுத்துங்கள். அதற்கு முன்னால் காலை அழுத்திப் பாருங்கள். வீக்கம் இல்லாமல் 39 வந்தால் இதே சாப்பாட்டைத் தொடருங்கள். வராவிட்டால் வெறும் சளிப் பரிசோதனையோடு திரும்பாமல், எடை ஏன் ஏறவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள், 37, 38 என்று எழுதிய அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.