பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) கடைசியாக 8.8. பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, இன்ஹேலரில் அடங்கிவிடும். கொரோனா மறுபடி பரவுகிறது என்கிறார்கள். "மூன்று நோய் இருக்கிறது, நீங்கள் ஹை ரிஸ்க்" என்று ஒரு லேப் ஏஜென்ட், ஜீன் டெஸ்ட் அடங்கிய பேக்கேஜையும் ஒரு மருந்து கிட்டையும் வாங்கச் சொல்கிறார். பிரஷர் மாத்திரை கொரோனாவுக்கு ஆகாது, நிறுத்திவிடு என்கிறார் உறவினர். என் கணவருக்கு 65 வயது. நோய் எதுவும் இல்லை, 'ஓ' பிரிவு ரத்தம், அதனால் ஊசி வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2020 தொடக்கத்தில் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது உண்மைதான். வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவை இந்த வகை மாத்திரைகள் அதிகமாக்கிவிடுமோ என்று எங்களுக்கே பயம். பிறகு பிரேசிலில், கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 650-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரையை நிறுத்தியும் மீதிப் பேருக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. சந்தேகம் தீர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. உறவினர்களுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வாந்தி, பேதி என்று உடம்பு வற்றிப்போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லலாம்.

அடுத்து, அந்த "மூன்று நோய்" கணக்கு. தவறு ஏஜென்ட்டுடையது மட்டுமல்ல. ஆஸ்பத்திரிப் படிவங்களே அப்படித்தான் இருக்கின்றன. சர்க்கரை: ஆம், இல்லை. பிரஷர்: ஆம், இல்லை. எவ்வளவு சர்க்கரை என்று எழுத இடமே கிடையாது. 6.8 இருப்பவரும் 11 இருப்பவரும் ஒரே கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், படிவம் மாறவில்லை.

இங்கிலாந்தில் 1.7 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களுக்கு, கொரோனாவால் இறக்கும் ஆபத்து சர்க்கரை இல்லாதவர்களைவிடச் சுமார் 30 சதவீதம்தான் கூட. சராசரி 7.5-ஐத் தாண்டியவர்களுக்கோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகு பிரஷர் தனியாகப் பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படாத அளவுக்கு இருக்கும் வீசிங்கும் அப்படித்தான். ஆக, உங்கள் மூன்று நோயில் நான் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான். அந்த 8.8.

சரி, மருந்து கிட். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. இப்படிப்பட்ட கிட்டுகளில் வழக்கமாக ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து இருக்கும், ஓர் ஆன்டிபயாட்டிக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஐவர்மெக்டின் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டுதான் ஆபத்து. டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும் மருந்துதான், மறுக்கவில்லை. ஒரு பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு மரணங்களை அது குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே ஆய்வில் பலன் இல்லை; கெடுதல் இருக்கலாம் என்பதற்கான சாயலே தெரிந்தது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள், உடம்பு வைரஸோடு சண்டை போடும் நேரத்தில், அதன் கையைக் கட்டிப்போடுகிற வேலை இது. உங்களுக்குக் கூடவே சர்க்கரையும் எகிறும். 2021-ல் இந்தியாவில் கரும்பூஞ்சை நோய் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்ததில், கட்டுப்படாத சர்க்கரைக்கும் தாறுமாறாகக் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த கிட் வீட்டுக்குள் வரக் கூடாது.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. நான் சொன்னதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுச் சிலர் விபரீதமாகச் செய்துவிடுகிறார்கள் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. உங்கள் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போகும் சிறு அளவு, தொடருங்கள். அதை விட்டுவிட்டு வீசிங்கைக் கிளப்பிக்கொண்டால்தான் வம்பு. மூட்டுவாதத்துக்கோ சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறுத்துவது இன்னும் ஆபத்து. வெளியிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் அவர்களுடைய உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் நாட்களில் அவர்களுக்கு அளவைக் கூட்டவேண்டிகூட வரும். அது அவர்களுடைய மருத்துவர் சொல்ல வேண்டியது. புதிதாக, தானாக ஆரம்பிக்காதீர்கள். பழையதைத் தானாக நிறுத்தாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

பேக்கேஜ் வேண்டாம். மரபணுவில் கொரோனாவோடு தொடர்புள்ள இடங்கள் இருப்பது உண்மை. ஆனால் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு மாற்றிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட பேக்கேஜ்களில் சேர்க்கும் டி-டைமர் (ரத்தம் உறைவதைக் காட்டுவது), ஐஎல்-6 (உடம்பின் அழற்சியைக் காட்டுவது) போன்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நோயாளி படுக்கையில் இருக்கும்போது பார்ப்பவை. நன்றாக நடமாடுகிறவருக்கு அவை எதற்கு? ஒரு பேக்கேஜ் விற்றால் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு நிற்கும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்தை மாற்றவோ கூட்டவோ இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அதில் பாக்ஸ்லோவிட் கொழுப்பு மாத்திரை உள்பட பலவற்றோடு மோதும். அந்த நேரத்தில் தாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று இருக்கட்டும். நகப்பூச்சு இல்லாமல், கை சூடாக இருக்கும்போது, உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முறை பார்த்தும் 94-க்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரி. கறுத்த தோலில் அது சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் 95 காட்டினாலும் மூச்சு வாங்கினால் எண்ணை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் கணவர். ரத்தப் பிரிவால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. வயதோ, 25-க்கும் 75-க்கும் இடையில் மரண ஆபத்தை நூறு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. ஆண் என்பது அதற்கு மேல் ஒரு கூடுதல். நோயே இல்லாத 65 வயது ஆணுக்கு, 8.8 சர்க்கரையோடு இருக்கும் உங்களைவிட ஆபத்து அதிகம். ஊசி போடப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் அவரை முன்னால் நிறுத்துங்கள்.