மூன்றில் எதை விடுவது என்று கேட்ட மேலூர்த் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதானே: மதுரையில் எம்.எஸ்சி. கணிதம் முடித்தாயிற்று, ஜெர்மனியில் கோட்டிங்கனில் முழு எண்களின் இயல்பை ஆராயும் எண் கோட்பாட்டில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் புள்ளியியலும் வானியலும் விடாமல் இழுக்கின்றன, அங்கே போனதும் இரண்டையும் தலைமுழுகிவிட வேண்டுமா, அப்புறம் சாப்பாடு, மொழி, வீடெல்லாம் எப்படி அக்கா என்று. நான் அந்த ஊரில்தான் பிஎச்.டி. முடித்து அங்கேயே தங்கிவிட்டவள். இப்போது லீவுக்கு மதுரை வந்திருக்கிறேன், எல்லீஸ் நகர் வீட்டில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் நேரத்தில் இதைத் தட்டுகிறேன்.

எதையும் விடாதீர்கள். அதிலும் கோட்டிங்கனுக்குப் போகிறவர் இப்படிக் கேட்பது வேடிக்கைதான், அந்த ஊரில் வாழ்ந்த கணித மேதை காஸ் மூன்றையும் சேர்த்தே செய்தவர். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் பியாஸி என்ற வானியலாளர் சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டார். ஆறு வாரம்போலப் பின்தொடர்ந்தார், அதற்குள் அது சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. கையில் மிஞ்சியது கொஞ்சம் அளவுகள், அவற்றிலும் பிழைகள். 24 வயது காஸ் அவற்றை வைத்தே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார், அவர் சொன்ன இடத்தை ஒட்டியே அந்த வருஷக் கடைசி நாளில் அதைத் திரும்பப் பிடித்தார்கள். எண் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட அவருடைய புத்தகம் வெளியானதும் அதே 1801-ல்தான். பிழையுள்ள அளவுகளைக் கையாளும் மீச்சிறு வர்க்க முறையை 1809-ல் வெளியிட்டார் (பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805-லேயே அச்சில் போட்டுவிட்டார், யார் முதலில் என்ற சண்டை தனிக்கதை). 1807 முதல் சாகும்வரை கோட்டிங்கன் வானாய்வகம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. யூரோ வருவதற்கு முன் புழங்கிய 10 மார்க் நோட்டில் அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைகோட்டையும் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் விதத்தைக் காட்டுவது) அச்சடித்திருந்தார்கள்.

அதெல்லாம் பழங்கதை, இப்போது ஒவ்வொன்றும் தனித் துறை என்பீர்கள். பாதிதான் உண்மை. ஒரு பெரிய எண்ணை எடுத்து அதற்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் என்று எண்ணுங்கள், இப்படியே எண்ணிக்கொண்டு போனால் அந்த எண்ணிக்கைகள், உரிய விதத்தில் அளவு மாற்றிப் பார்த்தால், அதே இயல்நிலைப் பரவலில் போய் விழும் என்று எர்டோஷ், காட்ஸ் என்ற இரண்டு கணிதர்கள் 1940-ல் நிறுவினார்கள். பகடை உருட்டவில்லை, எதுவும் தற்செயல் இல்லை, ஆனாலும் புள்ளியியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பக்கம் வானியலைப் பார்த்தால், நட்சத்திரங்களை அளக்க ஐரோப்பியர்கள் 2013 டிசம்பரில் ஏவிய கையா விண்கலம் தந்த பட்டியலில் 180 கோடிக்கும் மேலே வான்பொருள்கள். அதைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்து முடிக்க முடியாது, புள்ளியியல் தெரிந்தவர்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக் காரணமும் உண்டு. அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் வேலைதான், சம்பளம் வரும், ஆனால் ஒப்பந்தத்தில் முக்கால் வேலை என்று போட்டுவிட்டு முழு வேலை நடக்கும். தற்காலிக ஒப்பந்தத்தில் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்று பொதுவாகச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது, நிரந்தர இடமோ அபூர்வம். முப்பது வயதுக்கு மேல் தூய எண் கோட்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தவித்த நல்ல மூளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வருஷத்திலிருந்தே தரவு அலசவும் நிரல் எழுதவும் பழகுங்கள், புள்ளியியல் கருத்தரங்குகளுக்குப் போய்ப் பின்வரிசையிலாவது உட்காருங்கள். உட்கார்ந்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்க வேண்டும். நம் கல்லூரிகளில் சார் சொல்லும்போது குறுக்கே பேசினால் திமிர் என்பார்கள், அங்கே வாயே திறக்காதவனைத்தான் புரியாதவன் என்று நினைப்பார்கள். நான் பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூசிக்கொண்டு ஒரு வருஷம் பேரே இல்லாமல் மின்னஞ்சல் எழுதியவள், உங்களுக்கும் கூசும், பரவாயில்லை.

கிளம்பும் முன் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் போய்விடலாம். 1899-ல் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையும் அதற்குப் பின்னால் இருந்தது. பச்சையாகச் சொன்னால் அது ஒரு புள்ளியியல் கேள்வி. சூரியப் புள்ளியின் (சூரியன்மேல் கருப்பாகத் தெரியும் இடம்) ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டது அந்த மலையில்தான், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். சூரியனை ஆராயும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2014 முதல் கோட்டிங்கனிலேயே இருக்கிறது. அங்கே பேச்சைத் தொடங்க, கொடைக்கானல் பக்கத்து ஊர்க்காரன் என்பதே போதும்.

மற்றதெல்லாம் சமாளிக்கலாம். கணிதத்துறையில் ஆங்கிலம் ஓடும், அரசு அலுவலகக் கடிதம் ஜெர்மனில்தான் வரும், ஆகவே மொழியை இங்கேயே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. அரிசி, பருப்பு ஆசியக் கடையில் கிடைக்கும், மல்லிப்பூவுக்கும் ஜிகர்தண்டாவுக்கும் வழியில்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துக் காகிதம் வேண்டும். அக்டோபரில் செமஸ்டர் தொடங்கும்போது அறைக்கு அடிதடி, இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள், வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்பவனுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள்.